வீட்டுலயே பிக்கப்புக்கு லிஃப்ட் கிட் மாட்டலாமுங்களா? ரெண்டு இஞ்ச் ஏத்தோணும்

இட்டேரிக்காரன் (காங்கேயம்)

அண்ணமாருக அக்காமாருக எல்லாத்துக்கும் வணக்கமுங்க. வண்டி 2017 மாடல் டபுள் கேபின் பிக்கப்பு, ஃபோர் வீல் டிரைவு, 1,40,000 கிலோமீட்டர் ஓடிருக்குது. முன்னால விஷ்போன் (சக்கரத்தைப் புடிச்சிருக்கற ஆர்மு), காயில் ஸ்பிரிங்கு, பின்னால லீஃப் பட்டை. மெயின் ரோட்டுல இருந்து எங்க தோட்டத்துக்கு முக்காக் கிலோமீட்டர் இட்டேரிங்க. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒதுங்கவும் வழியில்ல. ஐப்பசி மழைக்கு தடம் ரெண்டும் குழிஞ்சு போயி நடுத்திட்டு மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது, அடித்தகடு கல்லுல ஒரசாத நாளே இல்லீங்க.

ஒரு லிஃப்ட் கிட் வாங்கி வெச்சிருக்கறேன். முன்னாடி ஸ்ட்ரட்டு (காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்தது) மேல வைக்கற 25 மில்லி ஸ்பேசர் ரெண்டு, பின்னாடி அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல வைக்கற 50 மில்லி பிளாக்கு ரெண்டு, நீளமான யூ போல்ட்டு நாலு. ஞாயித்துக்கெழம நானும் மச்சானும் வீட்டு முன்னாடியே மாட்டிரலாம்னு இருக்கறோம். கைவசம் 3 டன் பாட்டில் ஜாக்கி ஒண்ணு, வண்டியோட வந்த ஜாக்கி, ஸ்பேனர் செட்டு இருக்குதுங்க. தூக்குன வண்டிய தாங்கி நிறுத்தற ஜாக்கி ஸ்டாண்டு இல்ல, வீடு கட்டுன ஹாலோ பிளாக் கல்லு நெறைய கெடக்குது, அதை அடுக்கிக்கலாமுங்களா?

வால்பாறை_லோடு

தம்பி, மத்ததெல்லாம் அப்பறம் பேசலாம், மொதல்ல அந்த ஹாலோ பிளாக் நெனப்பை விட்டுருங்க.

எங்க அண்ணன் கொட்டாயில நடந்ததை சொல்றேன். பழைய பிக்கப்பு, பின்னாடி சேஸ் அடியில ஹாலோ பிளாக் மூணு அடுக்கி நிறுத்தி இருந்தாரு. படுத்துக்கிட்டு ஷாக் போல்ட்டை கழட்டிட்டு இருந்தாரு, நான் வெளிய ஸ்பேனர் எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன். எச்சரிக்கை கொஞ்சமும் இல்லீங்க. வடை சட்டியில அப்பளம் நொறுங்கற சத்தம் ஒண்ணு, அடுத்த நொடி வண்டி எறங்கிருச்சு. கழட்டுன சக்கரத்தை அவரு ஒரு பழக்கத்துக்கு சேஸ் அடியில படுக்கப் போட்டு வெச்சிருந்தாரு, அதுமேல உக்காந்துச்சு வண்டி. அவரு நெஞ்சுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு சாண் இருந்துச்சு. வெளிய இழுத்துப் போட்டப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு வரல.

சுவத்துல அந்தக் கல்லு தாங்கும், ஏன்னா மேல இருந்து பாரம் பரவலா எறங்குது. ஜாக்கி மொனை மாதிரி ஒரே எடத்துல பாரம் விழுந்தா உடையறதுக்கு முன்னாடி ஒரு விரிசல் கூட காட்டாது. செங்கல்லும் அப்படித்தான். நல்ல ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்க, இல்லாட்டி ஒர்க்‌ஷாப்புல வாடகைக்கு கேளுங்க. கழட்டுற சக்கரத்தை சேஸ் அடியில தள்ளி வைக்கறதை மறக்காதீங்க.

பல்லடம்_பையன்

நான் மூணு தடவை ஹாலோ பிளாக்ல வெச்சு வேலை பாத்துருக்கறேன், ஒண்ணும் ஆகல. அதை விடுங்க, கிட்டே தப்பா வாங்கிருக்கீங்க போல. முன்னாடி 25 பின்னாடி 50ன்னா வண்டி மூஞ்சி கீழ குத்திக்கிட்டு நிக்காதா?

பீளமேடு_மெக்கானிக்கல்

கிட் தப்பில்லைங்க. ஸ்ட்ரட்டு கீழ விஷ்போன்ல மாட்டி இருக்கற எடத்தைப் பாருங்க, சக்கரத்துகிட்ட இல்ல, ஆர்மோட நடுவாக்குல இருக்கும். பட்டி படலைத் தொறக்கறப்ப கீலுகிட்ட நாலு வெரல் நகர்ந்தா நுனி எவ்வளவு நகருது? அதே கணக்குதான். ஸ்ட்ரட்டு மேல 25 மில்லி வெச்சா சக்கரத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கெடைக்கும். பின்னாடி பட்டை நேரா அச்சு மேல உக்காந்துருக்கறதால 50 வெச்சா 50தான். அதனாலதான் கிட்டுல அப்படி குடுக்கறாங்க.

ஆனா இதே கணக்குதான் ஆபத்தும். ஸ்பேசரு ஸ்ட்ரட்டுக்கு மேல வர்றதால, சக்கரம் தொங்கறப்ப முன்னைவிட எச்சா கீழ போகும். ஷாக்கு புடிச்சு நிறுத்தற எல்லையே கீழ எறங்கிருச்சு. அப்ப ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கற மேல் பால் ஜாயிண்டு முழுசா சாஞ்சு கழுத்துல முட்டும், ஃபோர் வீல் வண்டியில ஆக்சில் ஷாஃப்டோட சிவி ஜாயிண்டு கோணமும் கூடும். ரப்பர் பூட்டு சீக்கிரம் கிழியும், கிழிஞ்சா கிரீஸ் போயி மண்ணு ஏறும். ரெண்டு இஞ்சுக்கு மேல ஆசைப்படாதீங்கன்னு சொல்றதுக்கு இதான் காரணம்.

இன்னொண்ணு, இதுல உசுரே இருக்குது. ஸ்ட்ரட்டு மேல மூணு சின்ன நட்டு வட்டமா இருக்கும், நடுவுல பெருசா ஒரு நட்டு இருக்கும். கழட்டவேண்டியது சுத்தி இருக்கற மூணும்தான். நடு நட்டுதான் அமுக்கி வெச்ச காயில் ஸ்பிரிங்கை புடிச்சு வெச்சிருக்குது. அதை கழட்டுனா அத்தனை அமுக்கமும் ஒரே நேரத்துல வெளிய வரும், எதுக்க தலை இருந்தா தலை இருக்காது. உங்க கிட்டு வெறும் மேல் ஸ்பேசர்ங்கறதால நடு நட்டை தொடவே வேண்டியதில்ல. மச்சான் கிட்ட மொதல்லயே சொல்லி அந்த நட்டு மேல கலர் டேப்பு ஒட்டி வெச்சுருங்க. ஸ்பிரிங்கையே மாத்தறதா இருந்தா ஒர்க்‌ஷாப்புல கம்ப்ரசர் போட்டு மாத்தி வாங்கிட்டு வாங்க.

பல்லடம் தம்பி, மூணு தடவை ஒண்ணும் ஆகலைங்கறது அந்தக் கல்லோட பலத்துக்கு கணக்கு இல்ல. நாலாவது கல்லு எந்த அச்சுல வார்த்ததுன்னு உங்களுக்குத் தெரியாது.

இட்டேரிக்காரன்

அக்கா நெம்ப நன்றிங்க. நடு நட்டு பத்தி எனக்கு சுத்தமா தெரியாது, அதைத்தான் மொதல்ல கழட்டிருப்பேன். ஸ்டாண்டு ஏற்பாடு பண்ணிக்கறேன். வீட்டு முன்னாடி டைல்ஸு, வழுக்குது. தேங்கா ஒணத்துற சிமெண்ட்டு களம் இருக்குது, அங்க வெச்சு பண்ணலாமுங்களா? ஹேண்ட் பிரேக் போட்டு கீர்ல விட்டா போதுமுங்களா?

பட்டைக்கடை_திருச்செங்கோடு

சாமி, களம் நல்லதுதான், ஆனா எந்தக் களமும் மட்டமா இருக்காது. மழைத்தண்ணி ஓடோணும்னு ஒரு பக்கம் சாய்ச்சுத்தான் போடுவாங்க. ஒரு பந்தை வெச்சுப் பாரு, அது உருளாத எடமாப் பாத்து வண்டிய நிறுத்து. மண்ணுல மட்டும் ஸ்டாண்டு வைக்காத, செம்மண்ணு காஞ்சு கெடக்கறப்ப கல்லு மாதிரி இருக்கும், பாரம் ஏறுனதும் ஒரு காலு மட்டும் எறங்கும்.

ஹேண்ட் பிரேக் விஷயம் நல்லா கேட்டுக்க. அது பின் சக்கரம் ரெண்டைத்தான் புடிக்கும். நீ பின்னாடி தூக்கிட்டீன்னா அந்த ரெண்டும் ஆகாசத்துல நிக்குது. கீர்ல விட்டாலும் டூ வீல்ல இருந்தா அதுவும் பின் சக்கரத்தைத்தான் புடிக்கும். அப்ப தரையில இருக்கற முன் சக்கரம் ரெண்டையும் ஒண்ணும் புடிக்கல, வண்டி ஜாக்கி மேல இருந்து நழுவி முன்னால போயிரும். பின்னாடி தூக்கறப்ப முன் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை, முன்னாடி தூக்கறப்ப பின் சக்கரத்துக்கு கட்டை. லாரி கிளீனருக்கு மொத நாளு சொல்லிக் குடுக்கறதே கட்டை போடறதுதான், அதுல ஒரு காரணம் இருக்குது.

இனி பட்டை. நாப்பது வருசமா எங்க குடும்பத்துக்கு இதான் தொழிலு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பிளாக்கு ஒரு பக்கத்துக்கு ஒண்ணுதான். ரெண்டை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கறவனை நான் கடைக்குள்ள விடறதில்ல. முன் அச்சும் பட்டையா இருக்கற வண்டியில முன்னாடி பிளாக்கே வைக்கப்படாது, பிரேக் அடிக்கறப்ப அச்சு முறுக்கும், பிளாக்கு பிதுங்கிட்டு வெளிய வரும், ஸ்டீரிங் உன் கையில இருந்தும் பிரயோசனம் இல்ல. பின்னாடி வைக்கறப்ப பட்டையோட சென்டர் போல்ட்டு தலை பிளாக்குக் குழியிலயும், பிளாக்கோட பின்னு அச்சு மேல இருக்கற குழியிலயும் சரியா உக்காந்துருக்கோணும். வெரலை விட்டுத் தடவிப் பாரு, கண்ணை நம்பாத. சீவுன பிளாக்கா இருந்தா தடிச்ச பக்கம் எங்க வரோணும்னு கிட் தாளுல பாத்து வை, மாத்தி வெச்சா புரொப்பல்லர் ஷாஃப்டு கோணம் கெட்டு 60ல வண்டி அதிரும்.

பழைய யூ போல்ட்டை திருப்பி மாட்டாத. ஒருக்கா முறுக்குனதுல அது நீண்டிருக்கும், மறுபடி முறுக்குனா புடிப்பு நிக்காது. நட்டையும் சேத்து புதுசு போடு. நாலு நட்டையும் குறுக்கக் குறுக்க கொஞ்சங் கொஞ்சமா முறுக்கு, ரெண்டு பக்கமும் மரை ஒரே அளவுக்கு வெளிய தெரியோணும். கடைசி முறுக்கு வண்டி தரையில நின்னப்பறம், அளவு பாத்து முறுக்கற டார்க் ரெஞ்சு வெச்சு, வண்டி புக்குல இருக்கற அளவுக்கு.

அச்சை எறக்கறப்ப ரெண்டாவது ஜாக்கி அச்சு அடியில இருக்கோணும். ஷாக்கை கழட்டுன ஒடனே அச்சு தொங்கும், அதோட பாரம் முச்சூடும் பிரேக் ஹோஸ் பைப்புலயும் ஏபிஎஸ் வயருலயும் எறங்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, உள்ள கிழிஞ்சிருக்கும்.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் சொல்றதில்ல. அச்சுல இருந்து சேஸுல இருக்கற ஒரு வால்வுக்கு சின்னக் கம்பி ஒண்ணு போகுதான்னு பாரு. லோடு சென்சிங் வால்வு அது. பாரம் ஏறுனா பட்டை அமுங்கும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு எச்சா பிரஷர் விடும். நீ ரெண்டு இஞ்ச் ஒசத்துனதும் அந்த வால்வுக்கு வண்டி எப்பவும் காலியா இருக்கற மாதிரியே படும். ஒரு டன்னு தேங்கா ஏத்திக்கிட்டு வர்றப்பவும் காலி வண்டிக்கு உண்டான பின் பிரேக்குதான் கெடைக்கும். கிட்டுல அதுக்கு பிராக்கெட்டு இருந்தா மாட்டு, இல்லாட்டி கிட்டை திருப்பிக் குடு.

அந்தியூர்_நைட்டு

இந்தக் கடைசிப் பத்தி படிச்சுட்டு இப்பத்தான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். என் வண்டி ஏத்தி எட்டு மாசம் ஆச்சு. கம்பி இழுத்துக்கிட்டு நேரா நிக்குது. வெடியால மொத வேலை இதுதான்.

ஈரோடு_பாலிசி

வேலையப் பத்தி எல்லாரும் சொல்லிட்டீங்க, நான் பேப்பரைப் பத்தி சொல்றேங்க. இன்சூரன்ஸ் வேலைதான் பாக்கறேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில இருக்கற விவரம் கம்பெனி ஆதியில குறிச்ச விவரத்துக்கு மாறுபடற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல 182ஏ, உட்பிரிவு 4ன்னு ஒண்ணு சேத்தாங்க. அனுமதி இல்லாத மாதிரி மாத்துனா வண்டி ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லாட்டி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்லாட்டி ரெண்டும்.

அபராதத்தைக் கூட விடுங்க. நாளைக்கு ஏதாச்சும் அடிபட்டு கிளெய்முக்குப் போனா சர்வேயரு மொதல்ல அடியில பாப்பாரு. சொல்லாம மாத்துன வண்டின்னு எழுதிட்டாருன்னா பணத்துக்கு நீங்கதான் அலையோணும். மாட்டறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீசுலயும் இன்சூரன்ஸ்லயும் எழுத்துல கேளுங்க, வாய்ச்சொல்லு வேண்டாம்.

பல்லடம்_பையன்

அண்ணா ஆர்சியில கிரவுண்டு கிளியரன்ஸ்னு ஒரு கட்டமே இல்லையே, அப்பறம் எப்படி மாறுபடும்? ரோட்டுல ஆயிரம் வண்டி ஏத்திக்கிட்டு ஓடுது.

ஈரோடு_பாலிசி

தம்பி, அந்த வாதம் இங்க எடுபடும், கிளெய்ம் ஆபீசுல எடுபடாது. கட்டம் இருக்குதா இல்லையாங்கறதை முடிவு பண்றது நீங்களோ நானோ இல்ல. அதனாலதான் எழுத்துல கேளுங்கங்கறேன்.

வால்பாறை_லோடு

ஓட்டறதைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். நான் ரெண்டு வருசம் ஏத்துன வண்டிய ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு ஓட்டிருக்கறேன், 40 கொண்டை ஊசி. ஏறறப்ப தெரியாது. எறங்கறப்ப, பெட்டுல பாரத்தோட வளைவுல திருப்புனா வண்டி ஒரு நொடி தாமசிச்சு சாயும், அப்பறம் அதே பக்கமே படுத்துக்கிட்டு நிக்கும். பாரம் மேல போயிருச்சுல்ல. மொத மாசம் பழைய வேகத்துலயே போயி ஒரு வளைவுல உள் பக்க பின் டயரு கூச்சல் போட்டுச்சு, அன்னைக்கு கத்துக்கிட்டேன். திம்பம், கொல்லிமலை போறவங்களும் நெனப்புல வெச்சுக்கோங்க.

ஹெட்லைட்டையும் கீழ எறக்கி செட் பண்ணோணும். மூக்கு தூக்குனா வெளிச்சம் எதுக்க வர்றவன் கண்ணுல போயி அடிக்கும். ஏத்தறதுக்கு முன்னாடியே சுவத்துக்கு எதுக்க மட்டமான எடத்துல நிறுத்தி வெளிச்சத்தோட மேல் கோட்டை சாக்பீஸ்ல குறிச்சு வைங்க, அது தரையில இருந்து எத்தனை ஒசரம்னு அளந்துக்கங்க. வேலை முடிஞ்சு அதே எடத்துல நிறுத்தி அந்தக் கோட்டுக்கே எறக்குங்க.

பட்டைக்கடை_திருச்செங்கோடு

இட்டேரி சாமி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். 1,40,000 ஓடுன வண்டி, தோட்டத்து லோடு. அது புதுசுல நின்ன ஒசரத்துல இப்ப நிக்குதா? சக்கரத்து நடுப்புள்ளியில இருந்து நேர் மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப்பு புடிச்சு நாலு பக்கமும் அளந்துட்டு வா. அதே மாடல்ல லோடு ஏத்தாத வண்டி யாருகிட்டயாச்சும் இருந்தா அதையும் அளந்துட்டு வா. கிட்டை அது வரைக்கும் பிரிக்காத.

இட்டேரிக்காரன்

மாமா, அளந்துட்டேனுங்க. வெள்ளகோவில்ல பங்காளி வீட்டுல இதே மாடலு இருக்குது, டவுனுக்குள்ளயே ஓடறது. அதோட ஒப்பிட்டா என்னோடது முன்னாடி ரெண்டு பக்கமும் 15 மில்லி கம்மி, பின்னாடி வலது 22 கம்மி, இடது 34 கம்மி. இடது பக்கம் ஏன் எச்சான்னு குனிஞ்சு பாத்தேனுங்க. ரெண்டாவது பட்டையில சென்டர் போல்ட்டுக்கு நாலு வெரல் தள்ளி மயிரிழை மாதிரி ஒரு கோடு, துரு வழிஞ்சு செவந்து கெடக்குது. நகத்தை வெச்சு இழுத்தா நகம் மாட்டுதுங்க. ஒடஞ்ச பட்டை. இது மேலதான் 50 மில்லி பிளாக்கு வெக்க இருந்தேன்.

பட்டைக்கடை_திருச்செங்கோடு

அப்ப நீ ஏத்த வேண்டியது ஒண்ணும் இல்ல சாமி, எறங்குனதை மீட்டா போதும். ஒடஞ்சதை மாத்தி பட்டை செட்டை முச்சூடும் பிரிச்சு வளைவு பாத்து கட்டச் சொல்லு. ஒரிஜினல் வளைவு போதும், எச்சா வளைக்கச் சொல்லாத. வீட்டுல நீயா சென்டர் போல்ட்டை கழட்டிறாத, பட்டை இழுவிசையில இருக்கும், சி கிளாம்ப் ரெண்டு பக்கமும் புடிக்காம கழட்டுனா வெரலு போயிரும்.

பீளமேடு_மெக்கானிக்கல்

முன்னாடியும் காயில் சோர்ந்திருக்குது. அதே பார்ட் நம்பர்ல புது ஸ்பிரிங்கு ஒரு ஜோடி வாங்கி, ஸ்ட்ரட்டை மட்டும் நீங்க கழட்டி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போங்க, அங்க மாத்திக் குடுப்பாங்க, திருப்பி நீங்களே மாட்டிக்கலாம். கழட்டறது மாட்டறதெல்லாம் கிட்டுக்கு சொன்ன அதே வேலைதான். கம்பெனி ஒசரத்தைத் தாண்டாததால பால் ஜாயிண்டு, சிவி, அந்த லோடு வால்வு எதுக்கும் கோணம் மாறாது. கீழ் ஆர்மோட போல்ட்டை மட்டும் சக்கரம் தொங்கறப்ப இறுக்காதீங்க. ரப்பர் புஷ்ஷு அந்த நெலையிலயே புடிச்சுக்கும், வண்டிய எறக்குனதும் முறுக்கிக்கிட்டே இருந்து கிழியும். தரையில நிறுத்தி, ரெண்டு தடவை அமுக்கி விட்டு, அப்பறம் இறுக்குங்க.

இட்டேரிக்காரன்

எல்லாத்துக்கும் பெரிய கும்பிடுங்க. வேலை முடிஞ்சுதுங்க. கொஞ்சம் பெருசா எழுதறேன், என்னை மாதிரி இன்னொருத்தரு தேடி வருவாங்கல்ல.

கிட்டு திருப்பிக் குடுத்தாச்சு. பின் பட்டை ரெண்டையும் ஒர்க்‌ஷாப்புலயே குடுத்து கட்டி மாட்டிட்டேன், யூ போல்ட்டு புதுசு. முன்னாடி மட்டும் களத்துல நானும் மச்சானும் பண்ணுனோம். பந்து வெச்சுப் பாத்தப்ப நாங்க நிறுத்தலாம்னு நெனச்ச எடத்துல இருந்து அது வெசயா ஓடி தண்ணித்தொட்டிகிட்ட போயி நின்னுது. மூலையில வேற எடம் புடிச்சோம். பின் சக்கரத்துக்கு நாலு வேலாங்கட்டை. மொத நாளு பொழுதோடவே போல்ட்டுக்கெல்லாம் துரு எடுக்கற எண்ணெய் அடிச்சு வெச்சதால ஒண்ணும் அடம் புடிக்கல. சக்கர நட்டை தரையில இருக்கறப்பவே இளக்கிட்டு அப்பறம் தூக்குனோம். ஸ்டாண்டு சேஸ் அடியில, கழட்டுன சக்கரம் அதுக்குப் பக்கத்துல, பாட்டில் ஜாக்கி கீழ் ஆர்முக்கு. படுக்கறதுக்கு முன்னாடி வண்டிய பக்கவாட்டுல புடிச்சு நல்லா உலுக்கிப் பாத்தோம், அசையல. அப்பறந்தான் அடியில போனேன்.

அக்கா சொன்ன மாதிரி நடு நட்டுல மஞ்ச டேப்பு. நல்லதாப் போச்சு, மச்சான் ஸ்பேனரை நேரா அதுகிட்டதான் கொண்டு போனாரு, டேப்பைப் பாத்ததும் கைய இழுத்துக்கிட்டாரு. ஸ்ட்ரட்டு வெளிய வந்தப்ப பிரேக் ஹோஸ் பைப்பு தொங்காம நைலான் கயித்துல கட்டி வெச்சோம். மாட்டுனப்பறம் ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி பைப்பும் வயரும் எங்கயும் இழுக்கலைன்னு டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டேன். காத்தால ஏழு மணிக்கு ஆரம்பிச்சது, நடுவுல ஒர்க்‌ஷாப்பு போயி வந்ததையும் சேத்து நாலரை ஆயிருச்சு.

அடுத்த நாளே வீல் அலைன்மெண்டு. டோ (முன் சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கற அளவு) வெளிய போயிருந்துச்சு, சரி பண்ணிட்டாங்க. அளவு இப்ப பங்காளி வண்டியோட 3 மில்லிக்குள்ள நிக்குதுங்க. மண்வெட்டி ரெண்டை எடுத்துக்கிட்டு இட்டேரி நடுத்திட்டையும் அப்பா, நான், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மூணு பேரும் ஒட்டுக்கா செதுக்கி தடத்துக் குழியில போட்டுட்டோம். மூட்டையோட வந்தும் அடித்தகடு ஒரசல.

100 கிலோமீட்டர் ஓட்டிட்டு யூ போல்ட்டு நட்டை டார்க் ரெஞ்சுல பாத்தேன். இடது பக்கம் உள் நட்டு ஒண்ணு மட்டும் கால் சுத்து ஏறுச்சுங்க, மத்ததெல்லாம் அப்படியே நிக்குது. மாமா, அது சரிதானுங்களா?

பட்டைக்கடை_திருச்செங்கோடு

சரிதான் சாமி, புது பட்டை உக்காரறப்ப அவ்வளவு விடும். 500ல இன்னொருக்கா பாரு. அப்பவும் அதே நட்டு ஏறுச்சுன்னா வண்டிய நிறுத்திட்டு என்னைக் கூப்புடு.

இட்டேரிக்காரன்

அடுத்த சந்தைக்குள்ள 500 ஆயிருமுங்க. பாத்துட்டு இங்கயே போடறேன்.